எல்லையில் தொலையும் சொற்கள்

நினைவு இருக்கிறது, அறிவு இருக்கிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. இரண்டு மொழிகளில் வாழும் பாறசாலை, நெய்யாற்றின்கரை கிராமங்களில் இந்த நோயைக் கண்டுபிடிப்பதே பெரும் சவால். எந்த மொழியில் சிகிச்சை என்பது அடுத்த கேள்வி.

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்கள் கடந்து இஞ்சிவிளை வந்ததும் கேரளம் முடிகிறது. அடுத்தது களியக்காவிளை, தமிழ்நாடு. கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. ஆனால் கடைக்குள் பேச்சு மாறுவதில்லை. எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலாப்பழம் ‘சக்கை’தான். மரவள்ளிக் கிழங்கு ‘மரச்சீனி’தான். பேசிக்கொண்டிருப்பது தமிழா மலையாளமா என்று நடுவே நிறுத்திக் கேட்டால் பலருக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. அப்படி ஒரு கேள்வி எழவேண்டிய அவசியமே அங்கு இருந்ததில்லை.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் அந்தக் கேள்வி எழுகிறது: பேச்சு குறையத் தொடங்கும்போது.

இந்த ஊர்களில் ஒன்றில், எழுபதை நெருங்கும் ஒரு தாயைக் கற்பனை செய்துகொள்ளலாம். வீட்டில் தமிழ். சந்தையிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் மலையாளம். ஜெபம் தமிழில், ரேஷன் கார்டு மலையாளத்தில். ஒரு நாள் மகனிடம், “மக்களே, அதை எடு... கதவு திறக்கிற அதை” என்கிறார். ‘தாக்கோல்’ என்ற சொல் வரவில்லை. ‘சாவி’யும் வரவில்லை. சில மாதங்களில் ‘அது’, ‘அந்த சாதனம்’ ஆகியவை அதிகமாகின்றன. தமிழ் வாக்கியத்தின் நடுவே மலையாளச் சொல் முன்பைவிட அதிகமாக வந்து விழுகிறது. மருமகள் வந்த பிறகு மலையாளம் கூடிவிட்டது என்கிறார்கள் வீட்டார். வயதாகிவிட்டது என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். காது கேட்கவில்லையோ என்றும் ஒரு சந்தேகம். ஆனால் அவர் சமைக்கிறார். சரியான பஸ் பிடித்துச் சந்தைக்குப் போகிறார். மீன்காரியிடம் பாக்கிச் சில்லறையைத் தவறாமல் எண்ணி வாங்குகிறார். இப்படிப்பட்டவருக்கு மூளையில் கோளாறு என்று யாருக்குத் தோன்றும்?

மருத்துவ நூல்கள் வர்ணிக்கும் நோயின் தொடக்கம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் சொல் தடுமாறினால் அது தடுமாற்றமாகவே தெரியும். எல்லையிலோ ஒரு மொழியின் ஓட்டையை இன்னொரு மொழி அடைத்துவிடுகிறது. கலப்புப் பேச்சு நோய்க்குத் திரை போட்டுவிடுகிறது.

ஞாபக மறதி அல்ல

பிராகாவில் பணியாற்றிய ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர், பேச்சுத் திறன் படிப்படியாகக் குறைந்துவந்த ஒரு நோயாளியைப் பற்றி 1892ல் எழுதினார். அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் இத்தகையவர்கள் பொதுவாக ‘மூளை மழுங்கியவர்கள்’ பட்டியலில்தான் சேர்க்கப்பட்டார்கள். 1982ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் மார்செல் மெசுலம், மற்ற அறிவுத் திறன்கள் அப்படியே இருக்க மொழி மட்டும் மெல்ல மெல்லக் கரைந்துபோன ஆறு பேரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். 1987ல் அதற்கு ‘பிரைமரி புரோகிரஸிவ் அபேசியா’ என்று பெயரிட்டார். தமிழில் ‘படிப்படியான மொழி இழப்பு’ எனலாம்.

பக்கவாதத்தால் வரும் பேச்சிழப்பிலிருந்து இது அடிப்படையில் வேறானது. பக்கவாதம் ஒரே நாளில் தாக்குகிறது. பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. இங்கே எந்த நாளில் தொடங்கியது என்றே சொல்ல முடியாது. பயணம் ஒரே திசையில், கீழ்நோக்கி. பெரும்பாலானோருக்கு மொழியை ஆளும் இடப்பக்க மூளையின் செல்கள் சிதைவதுதான் காரணம். சிலருக்கு அதன் பின்னணியில் இருப்பது அல்ஸைமர் நோய். வேறு சிலருக்கு முன்மூளை, பக்க மூளைப் பகுதிகளைத் தாக்கும் வேறு வகைச் சிதைவு. முதல் ஓரிரு ஆண்டுகளில் மொழி தவிர வேறு குறை பெரிதாகத் தெரியாது. பிறகு நினைவும் நடத்தையும் கூடப் பாதிக்கப்படலாம். நோயை நிறுத்தும் மருந்து இல்லை. ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு அபேசியா என்று அவரது குடும்பம் 2022ல் அறிவித்தபோதுதான் உலகின் பல வீடுகளில் இந்தச் சொல்லே முதன்முறையாகக் கேட்டது.

2011ல் நிபுணர்கள் கூடி இந்த நோயை மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் இலக்கணம் சிதைகிறது; பேச்சு திக்கித் திணறி, துண்டு துண்டாக வருகிறது. இரண்டாவதில் பேச்சு சரளமாக இருக்கும், சொல்லின் பொருள்தான் அழிகிறது. ‘பனை’ என்று சொன்னால், “பனை என்றால் என்ன?” என்று கேட்பார். மூன்றாவதில் பொருள் தெரியும், சொல் நாக்கின் நுனியில் நிற்கும், வெளியே வராது; நீளமான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல முடியாது.

கோடு கிழித்தவர்களும் பேச்சும்

இந்த மக்கள் எப்படி இருமொழிக்காரர்களானார்கள்? அவர்கள் எங்கும் குடிபெயரவில்லை. மாநிலம்தான் அவர்களைத் தாண்டிப் போனது. பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நெய்யாற்றின்கரையும் அதன் தெற்கே விளவங்கோடும் அடுத்தடுத்த தாலுகாக்கள். தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்கக் கோரிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரைப் பகுதியையும் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழகத்துக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. உறவுகள் கோட்டின் இரு பக்கமும் தங்கிவிட்டன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தொடர்ந்தது.

அன்று பள்ளிச் சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். அவர்களுக்குப் பின் பிறந்தவர்களும் அறுபது, எழுபதுகளில் இருக்கிறார்கள். மூளைச் சிதைவு நோய்கள் தேடி வரும் வயது. அவர்களது மூளையில் இரண்டு மொழிகள் தனித்தனி அறைகளில் பூட்டி வைக்கப்படவில்லை. ஒரு மொழி அடுக்களைக்கும் ஆலயத்துக்கும். மற்றொன்று பள்ளிக்கும் அலுவலகத்துக்கும். ஒருவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இன்னொருவர் தமிழில் பைபிள் வாசிப்பார், கையெழுத்து மலையாளத்தில் போடுவார். ‘உங்கள் தாய்மொழி எது?’ என்று மருத்துவமனைப் படிவத்தில் ஒரே ஒரு கோடு விட்டால் போதாது.

எது தவறு, எது பேச்சு?

திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து சுமார் 20 கி.மீ. இந்தியாவில் மறதி நோய் ஆராய்ச்சியின் முன்னோடி மையங்களில் ஒன்று. இங்கு பணியாற்றிய டாக்டர் பி.எஸ். மதுரநாத்தும் கேம்பிரிட்ஜின் ஜான் ஹாட்ஜஸும் உருவாக்கிய ‘ஆடன்புரூக்ஸ்’ அறிவுத் திறன் சோதனை உலகெங்கும் பயன்படுகிறது. அதன் மலையாள வடிவம் 2004ல் வெளியானது. சோதனையின் பிந்தைய பதிப்பு தமிழ், மலையாளம் உள்பட ஏழு மொழிகளில் இந்தியாவுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டு 2020ல் வெளிவந்தது. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட சோதனைத் தொகுப்பு முதலில் ஐந்து மொழிகளில் அமைந்தது. அதில் மலையாளம் உண்டு, தமிழ் இல்லை.

ஆக, கருவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை ஒரு நேரத்தில் ஒரு மொழிக்கானவை. சிக்கல் அங்கேதான்.

மரவள்ளிக் கிழங்கின் படத்தைக் காட்டினால் கொச்சிக்காரர் ‘கப்ப’ என்பார், சேலத்துக்காரர் ‘மரவள்ளி’ என்பார். பாறசாலைக்காரர் ‘மரச்சீனி’ என்பார். பூனையின் படத்துக்கு ‘பூச்சை’ என்பார். துண்டுக்குத் ‘துவர்த்து’ என்பார். சென்னையில் அச்சான விடைத்தாளை வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டால் மூன்றும் தவறு. உண்மையில் மூன்றும் சரி. மறுபுறம், தமிழில் ‘வெள்ளம்’ என்றால் பெருக்கு, மலையாளத்தில் குடிநீர். குடிதண்ணீர்ப் படத்தைப் பார்த்து ‘வெள்ளம்’ என்றவர் பொருள் குழம்பிச் சொன்னாரா, மலையாளத்தில் சொன்னாரா? இரு மொழியும் தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

இலக்கணத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. தமிழில் ‘அவன் வந்தான்’, ‘அவள் வந்தாள்’, ‘அவர்கள் வந்தார்கள்’. வினைச்சொல்லின் விகுதியே யார் என்று சொல்லிவிடும். மலையாளம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த விகுதிகளைக் கைவிட்டுவிட்டது. ஆண், பெண், ஒருவர், பலர் எல்லோருக்கும் ‘வந்நு’தான். இப்போது எல்லைக் கிராமத்து முதியவர் ஒருவர் தமிழ் பேசும்போது விகுதியை விழுங்கினால் அது என்ன? இலக்கணம் சிதையும் முதல் வகை நோயின் அறிகுறியா? வாழ்நாளெல்லாம் மலையாளத்தோடு புழங்கியதன் பழக்கமா? தமிழ் மட்டும் தெரிந்தவர் இல்லாத நோயைக் கண்டுபிடிப்பார். மலையாளம் மட்டும் தெரிந்தவர் இருக்கிற நோயைத் தவறவிடுவார்.

விடை குடும்பத்தாரிடம் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அவர் எப்படிப் பேசினார்? அப்போதும் இதே கலப்பு இருந்ததா? பழைய கடிதம், கல்யாண வீட்டு வீடியோவில் பதிவான பேச்சு, கைபேசியில் கிடக்கும் குரல் பதிவு எதுவானாலும் ஸ்கேனுக்கு இணையான சாட்சி. கலப்பது நோயல்ல. முன்பு கலக்காதவர் கலப்பதும், இரண்டு மொழியிலும் சொல் அகப்படாமல் போவதும்தான் கவனிக்க வேண்டியவை.

ஆங்கில நூல்களை அப்படியே பின்பற்றுவதிலும் ஆபத்து உண்டு. எழுத்து ஒன்றாகவும் உச்சரிப்பு வேறாகவும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தவறாக வாசிப்பது, பொருள் அழியும் வகை நோய்க்கு ஒரு முக்கிய அடையாளம். பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கும் தமிழிலும் மலையாளத்திலும் அந்தச் சோதனைக்கு வேலை இல்லை. அதை நம்பிக் காத்திருந்தால் நோய் பிடிபடாமலே போகும்.

முதலில் போவது எது?

இரண்டு மொழிகளில் எது முதலில் போகும் என்ற விவாதம் பழையது. பிரான்சின் தியோதூல் ரிபோ 1881லேயே, முதலில் படிந்த நினைவுதான் கடைசியில் அழியும் என்றார். அப்படியானால் தாய்மொழி நிலைக்கும். 1895ல் ஆல்பர் பித்ர், நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்று வாதிட்டார். படிப்படியான மொழி இழப்பில் இரு மொழிகளும் சேர்ந்தே தேய்வதும், பலவீனமாக இருந்த மொழி இன்னும் வேகமாகத் தேய்வதும் பதிவாகியுள்ளன. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விதி கிடையாது.

இரு மொழி தெரிந்தால் மூளைக்குப் பாதுகாப்பு என்ற செய்தியையும் நிதானமாகப் படிக்க வேண்டும். டாக்டர் சுவர்ணா அல்லாடியின் குழு ஐதராபாதில் மறதி நோய் கொண்ட 648 பேரை ஆராய்ந்து 2013ல் வெளியிட்ட முடிவு உலகக் கவனம் பெற்றது: இருமொழியாளருக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வருகிறது. எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் இது தெரிந்தது. ஆனால் அதே குழு 2017ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு சொன்னது வேறு: முன்மூளைச் சிதைவில் நடத்தையைப் பாதிக்கும் வகைக்குத்தான் இந்தத் தாமதம், மொழியைத் தாக்கும் வகைகளுக்கு இல்லை. பாறசாலைக்காரரின் இருமொழி அவரை இந்த நோயிலிருந்து காப்பாற்றப் போவதில்லை. ஆனால் நோய் வந்தபின் உதவக்கூடும்.

கரையைக் காக்கும் வேலை

கீழே போய்க்கொண்டே இருக்கும் நோய்க்குப் பேச்சுப் பயிற்சி எதற்கு? பல மருத்துவர்களே இப்படி நினைத்த காலம் உண்டு. இன்று நிலைமை மாறியிருக்கிறது. இங்கே நோக்கம் போன சொல்லை மீட்பது மட்டுமல்ல. இருக்கும் சொல்லை இன்னும் கொஞ்ச காலம் பிடித்துவைப்பது. ஆற்றங்கரையில் கல் அடுக்குவது போன்ற வேலை. வெள்ளத்தை நிறுத்த முடியாது, கரை இடிவதைத் தள்ளிப்போடலாம்.

செயல்முறை எளிமையானது. நோயாளிக்கு அன்றாடம் தேவைப்படும் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் பெயர், உணவு, மருந்து, வீட்டுச் சாமான், கோயில் அல்லது ஆலயம். பொதுவான படங்களுக்குப் பதில் அந்த வீட்டுப் பொருள்களின் போட்டோ. சொல் வராதபோது உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. அது எதற்குப் பயன்படும், எங்கே இருக்கும், உங்கள் வாழ்க்கையில் அதோடு என்ன சம்பந்தம், முதல் எழுத்து என்ன என்று படிப்படியாக நெருங்கி, அவரே சொல்லையடைய வழி காட்டுகிறார்கள். பிறகு எழுதச் சொல்கிறார்கள், பலமுறை சொல்லச் சொல்கிறார்கள். தினமும் வீட்டில் பயிற்சி. இன்னும் தொலையாத சொற்களையும் முன்கூட்டியே பயிற்சியில் சேர்க்கிறார்கள்.

பேச்சு திணறும் வகையினருக்கு வேறு வழி. அவர் அடிக்கடி பேச விரும்பும் விஷயம் பற்றிச் சிறு சிறு பத்திகள் தயாராகின்றன. வீடியோவில் ஒருவர் மெதுவாக அதைப் பேச, அவரும் கூடவே பேசிப் பழகுகிறார். அமெரிக்காவின் மாயா ஹென்றி குழு பத்துப் பேரிடம் இந்த முறையைச் சோதித்து 2018ல் வெளியிட்டது. பயின்ற பகுதிகளில் கிடைத்த பலன் ஓராண்டு வரை நின்றது. வீடியோ அழைப்பு மூலம் தரும் பயிற்சியும் நேரில் தருவதற்கு ஒப்பான பலன் தருவதாக அக்குழு கண்டிருக்கிறது.

எல்லைக் கிராமங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி கிராசோவும் சகாக்களும் 2021ல் வெளியிட்ட ஆய்வு. இந்த நோய் கொண்ட இருமொழியாளர் பத்துப் பேருக்கு இரண்டு மொழிகளிலும் சொற்பயிற்சி தரப்பட்டது. இரண்டிலுமே முன்னேற்றம் தெரிந்தது. ஒன்றைக் கற்பித்தால் மற்றது குழம்பும் என்ற பயத்துக்கு இடமில்லை.

தமிழுக்கும் மலையாளத்துக்கும் இருக்கும் நெருக்கம் இங்கே பெரிய மூலதனம். கண், மூக்கு, கை, மரம், மழை, மீன், உப்பு, குடை, கட்டில், வீடு. ஒலியில் சிறு மாற்றத்தோடு இரு மொழியிலும் ஒரே சொல். பயிற்சியை இந்தப் பொதுச் சொற்களிலிருந்து தொடங்கினால் ஒரே உழைப்பில் இரண்டு மொழியிலும் பிடி கிடைக்க வாய்ப்பு அதிகம். அடுத்து எல்லைக்கே உரிய சொற்கள். சொல் வேறுபடும் இடத்தில், யாரிடம் அவர் அதிகம் பேசுகிறாரோ அவரது மொழி. மனைவியிடம் தமிழ், பேரனிடம் மலையாளம் என்றால் இரண்டும் தேவை. மொழி இழப்பவருக்கு எந்த மொழி சுத்தமானது என்பதல்ல பிரச்சினை, யாரை இழக்கக் கூடாது என்பதுதான்.

குடும்பங்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறும் இங்கேதான். “தமிழில் ஒழுங்காகச் சொல்லுங்கள், பாட்டா” என்று திருத்துகிறார்கள். அல்லது குழப்பம் வேண்டாமென்று வீட்டில் ஒரே மொழி என்று சட்டம் போடுகிறார்கள். ஒரு ஊன்றுகோல் வழுக்கினால் மற்றதையும் பிடுங்குவதைப் போன்றது இது. எந்த மொழியில் சொல் வந்தாலும் ஏற்றுக்கொள்வது, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்பது, ஆம்-இல்லை என்று பதில் சொல்லும்படி கேட்பது, பதிலுக்குக் காத்திருப்பது, டிவியை அணைத்துவிட்டுப் பேசுவது. குடும்பத்துக்குப் பயிற்சியாளர்கள் சொல்லித் தரும் பாடங்கள் இவைதான். போட்டோக்களும் சொற்களும் கொண்ட ஒரு சிறு நோட்டு, பேச்சு முற்றிலும் நிற்கும் நாளில் கைகொடுக்கும். அதைப் பேச்சு இருக்கும்போதே, அவரோடு சேர்ந்தே தயாரிக்க வேண்டும்.

அருகில் இருக்கும் தூரம்

வசதிகளைப் பொறுத்தவரை எல்லைக் கிராமங்கள் அதிர்ஷ்டசாலிகள். ஸ்ரீசித்திரை ஒருபுறம். 1997ல் தொடங்கிய தேசியப் பேச்சு மற்றும் கேட்டல் நிலையமான ‘நிஷ்’ திருவனந்தபுரத்தின் ஆக்குளத்தில் பேச்சுப் பயிற்சியாளர்களைப் பட்டப்படிப்பு நிலையிலேயே உருவாக்குகிறது. கேரளம் 2008லேயே வலி தணிப்புப் பராமரிப்புக்கென்று கொள்கை வகுத்த மாநிலம். உள்ளாட்சி அமைப்புகள் மூலம் வீடு தேடி நர்சுகள் வருகிறார்கள். எல்லைக்கு அப்பால் தமிழகம் 2021ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ஆனால் இந்த இரு ஏற்பாடுகளும் ரத்த அழுத்தம், சர்க்கரை, புற்றுநோய், படுக்கையில் கிடப்போர் ஆகியவற்றை மனதில் வைத்துப் பிறந்தவை. நடமாடிக்கொண்டே மௌனமாகிக்கொண்டிருப்பவர் அவர்கள் கண்ணில் படுவது கடினம்.

சட்டம் ஒருவகையில் முன்னால் நிற்கிறது. 1995ன் ஊனமுற்றோர் சட்டத்தில் இருந்த ஏழு பிரிவுகள் 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 ஆயின. அதில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ ஒன்று. அபேசியா பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. கேரளத்தின் 1969ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைத் தமிழர்களும் கன்னடர்களும் அரசுக்குத் தங்கள் மொழியில் கடிதம் எழுத இடம் தருகிறது. மனு எழுத மொழி உரிமை கொடுத்த அதே தர்க்கம், மருத்துவரின் அறையில் சோதனைக்கு உட்காரும்போதும் பொருந்தவேண்டும்.

அதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. இரு மொழியும் அறிந்த பயிற்சியாளர் மாதத்தில் சில நாள் தாலுகா மருத்துவமனையில் உட்காரலாம். மற்ற நாளில் கைபேசித் திரையில் வரலாம். ‘மரச்சீனி’யைச் சரியான விடையாக ஏற்கும் சொற்பட்டியல் ஒன்றை எல்லையின் இரு பக்கத்து நிபுணர்களும் சேர்ந்து தொகுக்கலாம். வீடு வீடாகப் போகும் ஆஷா ஊழியர் இந்த ஊர்ப் பேச்சிலேயே வளர்ந்தவராக இருந்தால், எது பழைய கலப்பு, எது புதிய தடுமாற்றம் என்று டாக்டருக்கு முன்பே அவர் காதுக்குத் தெரியும். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நாள் போதும்.

சீக்கிரம் தொடங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. சொற்கள் மிச்சமிருக்கும்போது தொடங்கிய பயிற்சிக்கும், அவை தீர்ந்தபின் தொடங்கும் பயிற்சிக்கும் உள்ள வித்தியாசம், ஒரு தாய் தன் மகனை ‘மக்களே’ என்று இன்னும் சில ஆண்டுகள் கூப்பிடுவதாக இருக்கலாம். அந்தச் சொல் எந்த மொழி என்று அப்போது அவன் கேட்கப்போவதில்லை.